கல்லாவில் இருப்பவரும் கவுன்டரில் நிற்பவரும்

‘காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்ற பேச்சு கேட்காத தெரு நம்மூரில் இருக்காது. முழங்காலுக்குக் கீழே நீலமும் பச்சையுமாகப் புடைத்து, மண்புழுபோல நெளிந்து கிடப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். தமிழில் ‘நரம்பு’ என்ற சொல் பாவம், நிறையச் சுமக்கிறது. மூளையின் கட்டளையைக் கொண்டுபோவதும் நரம்பு. யாழில் கட்டுவதும் நரம்பு. இலையில் ஓடுவதும் நரம்பு. ஊசி போட நர்ஸ் தட்டித் தட்டித் தேடுவதும் நரம்பு. பேச்சுக்கு இது போதும், நோய்க்குப் போதாது. காலில் புடைத்துக் கிடப்பது சிரை, அதாவது உடம்பெங்கும் போன ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். அதை நரம்பு என்று நம்புகிறவர் நரம்புக்கான வைட்டமின் மாத்திரையை வாங்கி விழுங்குகிறார், எண்ணெய் தடவி அழுத்தி நீவுகிறார், லேகியம் தேடுகிறார். இவற்றால் போவது காசும் காலமும். பெயர் செய்கிற பெரிய கெடுதல் வேறு. ‘நரம்புத் தளர்ச்சி’ என்றதும் கோளாறு முழுவதும் அந்த ஆளின் உடம்புக்குள் போய் அடங்கிவிடுகிறது: வயசு, பலவீனம், பரம்பரை. சிரை என்று சரியாகச் சொன்னால் வேறொரு கேள்வி எழும். இவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறார், யார் சொல்லி நிற்கிறார்? கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் செய்தபோது அந்தக் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் கிடைத்தது. பின் பாதி அப்படியே கிடக்கிறது. அது ஏன் என்பது சிரை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

இதயத்தின் உந்துதல் தமனிகளில் வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மயிரிழையைவிட மெல்லிய நுண்குழாய்களுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் அந்த வேகம் பெரும்பாலும் செலவாகிவிடும். கணுக்காலில் இருந்து மேலே ஏறவேண்டிய ரத்தத்தின் பின்னால் இதயத்தின் தள்ளுதல் கொஞ்சம்தான் மிச்சம். மிச்ச வேலையைச் செய்வது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அந்தச் சதை சுருங்கி, தனக்குள் புதைந்திருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே ஏறுகிறது. சதை தளரும்போது ஏறிய ரத்தம் திரும்பிக் கீழே விழாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் எதிரெதிரே அமைந்த இரண்டு மெல்லிய இதழ்கள், அவ்வளவுதான். இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஃபாப்ரிசியஸ் இந்த வால்வுகளைப் பற்றி 1603-இல் தனிநூலே எழுதினார். ஆனால் சிரையில் ரத்தம் உள்ளிருந்து கைகால்களை நோக்கி வெளியே ஓடுகிறது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை; ஆகவே பாதத்தில் ரத்தம் குவிந்துவிடாமல் தடுக்கும் மடை என்று அவற்றுக்குப் பொருள் சொன்னார். கதவைக் கண்டுபிடித்தவருக்கு அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பது பிடிபடவில்லை. அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்விதான் 1628-இல் ரத்தம் சுற்றி வருகிறது என்பதை நிறுவினார். அந்த எண்ணத்தைத் தனக்குத் தந்ததே சிரை வால்வுகள் அமைந்திருக்கும் திசைதான் என்று ஹார்வி தன்னிடம் கூறியதாக ராபர்ட் பாயில் எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது கணக்குக்கு வருவோம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் 120, 80 என்று எண்கள் படிக்கிறோமே, அதே மி.மீ. பாதரச அளவில் பேசலாம். அசையாமல் நிற்கும் ஒருவரின் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்துக்கு ரத்தம் ஒரு தூண்போல நிற்கிறது. அந்தத் தூணின் எடையால் கணுக்கால் சிரையில் ஏறும் அழுத்தம் சுமார் 90. தமனியைப் போலத் தடித்த சுவர் சிரைக்குக் கிடையாது. தாழ்ந்த அழுத்தத்தில் நிறைய ரத்தத்தைத் தாங்கி வைத்திருக்கவே அது அமைந்தது. உடம்பின் ரத்தத்தில் பாதிக்கும் மேல் எந்நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. அதே ஆள் நடக்கத் தொடங்கினால், பத்துப் பன்னிரண்டு அடி வைப்பதற்குள் அந்த அழுத்தம் 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, பத்து அடி. நின்றவுடன் மறுபடி ஏறத் தொடங்கும். நல்ல நிலையில் உள்ள கால் முழுதாக நிரம்பி 90-ஐத் தொட இருபது நொடிக்கு மேல் ஆகும். வால்வு ஒழுகும் காலில் அதற்கும் முன்னாலேயே நிரம்பிவிடும். இந்த இருபது நொடிக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இருக்கைச் சட்டத்தைப் பற்றிய வாதம் முழுவதும் இதில்தான் வந்து நிற்கப்போகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நிற்கும் கால், தன் சிரைக்கு முழு எடையையும் கொடுத்துவிட்ட கால். அதையே பத்து மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், பத்து வருடம் என்று பெருக்கிப் பாருங்கள்.

ஆழ்சிரைகளைச் சுற்றிச் சதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தோலுக்கு அடியில் ஓடும் மேல்சிரைகளுக்கு அந்தத் துணை இல்லை, கொஞ்சம் கொழுப்பும் தோலும்தான். உள்கணுக்காலில் தொடங்கித் தொடையிடுக்கு வரை நீளும் பெரிய மேல்சிரைதான் பெரும்பாலும் முதலில் தோற்கிறது. குழாய் விரிந்தால் வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியே ரத்தம் கீழே ஒழுகும். ஒழுகிய ரத்தம் கீழே உள்ள பகுதியை மேலும் விரிக்கும். அங்கே இருக்கும் வால்வும் அதே கதிக்கு ஆளாகும். முதலில் கெடுவது வால்வா, குழாயின் சுவரா என்பது பழைய சண்டை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ட்ரெண்டலன்பர்க் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மேலிருந்து கீழாக வால்வுகள் தோற்கின்றன என்ற கருத்தில், மேலே தொடையில் சிரையைக் கட்டி வைத்தியம் செய்தார். பின்னால் வந்த ஆய்வுகள், வால்வு நன்றாக இருக்கும்போதே அதற்குக் கீழே சுவர் தளர்ந்து விரிவதையும் காட்டின. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்று கொள்வதே பொருத்தம். விளைவு தெரிந்ததே: சாயங்காலம் செருப்பு வார் பதியும் அளவுக்கு வீக்கம், கெண்டைக்காலில் கனம், இரவில் குரக்களி, அரிப்பு. அழுத்தம் தாங்காமல் நுண்குழாயிலிருந்து கசியும் ரத்த அணுக்களின் இரும்புச்சத்து தங்கிக் கணுக்காலைச் சுற்றித் தோல் கறுக்கிறது. இதைப் படை என்றும் சொறி என்றும் எண்ணிக் களிம்பு தடவுவார்கள். கடைசியில் உள்கணுக்கால் பக்கம் ஆறாத புண். அதைச் சர்க்கரைப் புண் என்று நினைத்துச் சர்க்கரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும்: புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீறிட்டால் உட்கார்ந்துகொண்டு துணி சுற்றக்கூடாது. உடனே படுத்து, காலை இதயத்துக்கு மேலே தூக்கி, அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எளிய காரியம், தெரியாததால் உயிர் போனதுண்டு.

‘இதெல்லாம் பரம்பரை, நிற்பதைக் குறை சொல்லாதீர்கள்’ என்பது முதல் ஆட்சேபம். அதில் உண்மை நிறைய இருக்கிறது. பிரான்சில் 134 குடும்பங்களை ஆராய்ந்து 1994-இல் வெளியான ஆய்வில், தாய் தந்தை இருவருக்கும் இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 90 விழுக்காடு என்றும், இருவருக்கும் இல்லாதபோது 20 விழுக்காடு என்றும் தெரியவந்தது. பலவீனமான சிரைச்சுவரைச் சிலர் பிறக்கும்போதே கொண்டு வருகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. கர்ப்பம், உடல் பருமன், வயது ஆகியவையும் காரணங்களே. ஆனால் டென்மார்க்கில் வேலையில் இருந்த ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றே கழித்தவர்கள் சிரைப்புடைப்புக்காக மருத்துவமனை போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு. உழைக்கும் வயதினரிடம் அப்படி மருத்துவமனை வரை வந்த நேர்வுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீண்ட நேரம் நிற்பதன் கணக்கில் சேரும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். சுவரின் வலு பிறப்பால் வருகிறது, சுமை வேலையால் வருகிறது. வலுக்குறைந்த சுவர் என்று தெரிந்தால் அதன்மேல் சாமான் ஏற்றாமல் இருப்பதுதானே வீட்டு வழக்கம்? பரம்பரை வாதம் நிற்கவைப்பதற்கு நியாயம் ஆகாது. நிற்கவைக்காமல் இருப்பதற்குத்தான் கூடுதல் காரணம். பெண்களின் நோய் என்று ஒதுக்குவதும் அரைகுறை. எடின்பரோ நகரில் 18 முதல் 64 வயது வரையிலானவர்களைப் பரிசோதித்து 1999-இல் வெளியான ஆய்வில், முக்கிய மேல்சிரைகளின் புடைப்பு ஆண்களில் 40 விழுக்காடு, பெண்களில் 32 விழுக்காடு. வேட்டியும் பேன்ட்டும் மறைப்பதால் ஆண்கள் காட்டிக்கொள்வதில்லை.

நின்று வேலை செய்பவருக்கு ஓர் ஆசனம் என்ற எண்ணம் புதிதல்ல. பிரிட்டன் 1899-இலேயே, கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் இயற்றியது. மூவருக்கு ஒன்று என்பதில் கஞ்சத்தனம் தெரிந்தாலும் தொடக்கம் தொடக்கமே. இந்தியாவில் 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், தன் 44-ஆம் பிரிவில், நின்று வேலை செய்யவேண்டிய தொழிலாளருக்கு உட்கார வசதி செய்யச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த நம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. ஆக, ஆலைத் தொழிலாளிக்கு 1948-இல் ஏட்டிலாவது கிடைத்த உரிமை, துணிக்கடைத் தொழிலாளிக்குக் கிடைக்க 73 ஆண்டுகள் ஆயின. கேரளத்தில் கோழிக்கோட்டைச் சேர்ந்த பி. விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பும் பல ஆண்டுகள் போராடியதன் பிறகு 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் கொண்டுவந்த மசோதா, நம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. நாள் முழுக்க நின்றே இருப்பதால் ஊழியர்களுக்குப் பலவகை உடல்நலக் கேடு வருகிறது என்பதை அரசே அதற்குக் காரணமாக எழுதியது. நரம்புத் தளர்ச்சி என்று வீட்டுக்குள் புலம்பிக் கிடந்த ஒன்று முதல்முறையாக வேலையிடத்தின் பொறுப்பாக மாறியது. இந்தச் சட்டத்தைப் பாராட்டத் தயங்கவே கூடாது. அதன் வாசகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு நேரும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும் என்கிறது சட்டம். வாய்ப்பு நேர்ந்ததா இல்லையா என்று முடிவு செய்வது யார்? தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் சென்னை ரங்கநாதன் தெருவில் அந்த வாய்ப்பு எப்போது நேரும்? ஆள் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலும், ‘சும்மா உட்காராதே, அந்த ரேக்கை அடுக்கு’ என்று மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை சொன்னால் வாய்ப்பு காலி. இருக்கை உண்டு, உட்கார இசைவு இல்லை என்றால் சட்டம் நிறைவேறியதாகவே கணக்கு. இதைவிட நுட்பமான குறை ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தாலும் சிரைக்கு முழு விடுதலை கிடையாது. கால் தொங்க அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 50-ஐத் தாண்டியே இருக்கும். நிற்பதற்கு அது தேவலை, நடப்பதற்கு ஈடில்லை. நாள் முழுக்கக் கணினி முன் இருப்பவர்கள் சாயங்காலம் கால் வீங்கி எழுவதன் காரணம் இதுவே. ‘உட்கார்ந்தாலும் வருகிறது, நின்றாலும் வருகிறது, அப்புறம் நாற்காலி எதற்கு’ என்று இதை ஆட்சேபமாக வைப்பவர்கள் உண்டு. சிரை கேட்பது நிலையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை: கொஞ்சம் நின்று, கொஞ்சம் உட்கார்ந்து, இடையிடையே பத்து அடி வைத்து. நாற்காலி அதில் ஒரு பாகம். நாற்காலி இல்லாமல் அந்தச் சுதந்திரம் தொடங்காது, நாற்காலியோடு அது முடிவதும் இல்லை. ‘எங்கள் பாட்டன் வயலில் நாளெல்லாம் நின்றான், அவனுக்கு வரவில்லையே’ என்பாருக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வயலில் யாரும் நிற்பதில்லை. குனிவார்கள், நிமிர்வார்கள், வரப்பேறி நடப்பார்கள், குந்துவார்கள். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி எடுக்கும் ஒவ்வொரு முறையும் கெண்டைச்சதை பிழிகிறது. கவுன்டருக்குப் பின்னால் இரண்டடி அகலத்தில் நிற்கும் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பாட்டனுக்கு வரவே இல்லை என்பதற்கும் யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.

கடைக்காரர்கள் சொல்லும் ஆட்சேபம் வேறு மாதிரி: வாடிக்கையாளர் வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் அது மரியாதைக் குறைவு. நின்று வரவேற்பது நம் பண்பாடு என்றும் ஒரு முலாம் பூசப்படும். விருந்தாளி வந்தால் எழுந்து நிற்பது நம் பண்பாடுதான். விருந்தாளி வராதபோதும் வாசலில் நின்றுகொண்டே இருக்க எந்த வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. இன்னும் சொன்னால், நம் பழைய ஜவுளி வியாபாரமே உட்கார்ந்து நடந்தது. மெத்தை விரித்து, திண்டு போட்டு, விற்பவரும் வாங்குபவரும் சம்மணமிட்டு எதிரெதிரே அமர்ந்து பட்டுச் சேலையைப் பிரித்துப் பார்த்தார்கள். அதனால் பட்டின் மதிப்போ வாங்குபவரின் மதிப்போ குறைந்துவிடவில்லை. அடுக்குமாடிக் கடைகளும் நீண்ட கவுன்டர்களும் வந்தபிறகுதான் நிற்பது விற்பனையின் இலக்கணம் ஆனது. அதே கடையில் ஒருவர் மட்டும் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார்: கல்லாவில் இருப்பவர். அவர் எழுந்து நின்று பணம் வாங்காததை எந்த வாடிக்கையாளரும் அவமரியாதையாக எடுத்துக்கொண்டது கிடையாது. அஞ்சலகத்தில், வங்கியில், ரயில்வே முன்பதிவில் உட்கார்ந்திருப்பவரிடம் நாம்தான் நின்று பேசுகிறோம். ஆகவே இங்கே பேசப்படுவது வாடிக்கையாளரின் மரியாதை அல்ல. யார் நிற்க வேண்டியவர், யார் இருக்கக் கூடியவர் என்ற வரிசை அது. இடம் போதாது என்ற வாதம் சிறுகடைகளுக்கு ஓரளவு பொருந்தும். அங்கே ஒரு முக்காலி போதும். ஆறு மாடி கட்டியவருக்குப் பொருந்தாது.

‘இப்போதெல்லாம் லேசர் வந்துவிட்டது, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்’ என்கிறார்கள். உண்மைதான். பிளேடு வைத்துச் சிரையை உருவி எடுத்த காலம் போய், ஊசித்துளை வழியே குழாய் செலுத்தி உள்ளிருந்தே சூடாக்கி அடைக்கும் முறைகள் வந்திருக்கின்றன. அடைத்துவிட்டால் ரத்தம் எப்படி மேலே போகும் என்று பயப்பட வேண்டாம். காலின் ரத்தத்தில் பெரும்பங்கை ஆழ்சிரைகளே சுமக்கின்றன. புண் வந்தவருக்கும் ஒழுகல் அதிகமானவருக்கும் இது வரப்பிரசாதம். ஆனால் இந்த வைத்தியம் கெட்டுப்போன குழாயை வழியிலிருந்து விலக்குகிறது; மற்றக் குழாய்களின் சுவரை வலுவாக்குவதில்லை. வேறொரு சிரையில் மறுபடி வருவது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. சிகிச்சை முடித்தவர் மறுவாரமே அதே கவுன்டருக்குப் பின்னால் அதே பத்து மணி நேரத்துக்குத் திரும்பினால், வைத்தியச் செலவு ஒருவர் தலையிலும் லாபம் இன்னொருவர் கையிலும் என்றாகிறது. இறுக்கமான காலுறையும் இப்படித்தான். வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், கெட்ட வால்வைத் திரும்பக் கொடுக்காது. சென்னை வெயிலில் மே மாதம் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை அணியவும் கூடாது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ‘வாய்ப்பு நேரும்போது’ என்ற தளர்ந்த சொல்லை விதிகளில் இறுக்கினால் போதும்: வாடிக்கையாளர் எதிரே இல்லாத நேரமெல்லாம் வாய்ப்பே என்று எழுதலாம், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கவுன்டரை விட்டு வெளியே வந்து நடக்க இசைவு தரலாம், உட்கார்ந்ததற்காகச் சம்பளம் பிடித்தால் அபராதம் என்று சேர்க்கலாம். கூட்டம் அலைமோதும் பண்டிகைக் காலத்திலும் ஆள் மாற்றி ஆளாக இது நடக்கக்கூடியதே. சாப்பாட்டுக்கு ஆள் மாற்றத் தெரிந்த கடைக்கு இதற்கும் மாற்றத் தெரியும். சட்டத்தின் கண்ணில் சரியாகப் படாதவர்களும் இருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நாற்காலி தரக்கூடாது, தந்தால் தூங்கிவிடுவார் என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடும் இடங்களில் நிற்கும் காவலாளி. சாயங்காலம் தொடங்கி நள்ளிரவு வரை கல்லுக்கு முன்னால் நகராமல் நிற்கும் பரோட்டா மாஸ்டர். சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர். இவர்களுக்குச் சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. காவலாளிக்கு நாற்காலி வாங்கும் அதிகாரம் குடியிருப்புச் சங்கத்திடமே இருக்கிறது. துணிக்கடைக்கு ஆய்வுக்குப் போகும் தொழிலாளர் துறை ஆய்வாளர், இருக்கைகளை எண்ணிப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு திரும்பிவிடாமல், அவற்றின்மேல் பிரிக்காத துணிக்கட்டு அடுக்கியிருக்கிறதா என்று பார்க்கட்டும். அடுக்கியிருந்தால் அந்த இருக்கை கணக்கில் சேராது.